முதல் மலைக் கணவாய்: ஏற்றத்தோடு இறக்கத்துக்கும் சேர்த்துத் திட்டமிடுவது எப்படி?

கணவாய்ப் பயணத்தில் பாதி வேலை உச்சிக்கு அப்புறம்தான் இருக்கிறது. ஒரு பள்ளத்தாக்கில் தொடங்கி, மலைத்தொடரின் தாழ்ந்த இடம் வழியாக ஏறிக் கடந்து, இன்னொரு பள்ளத்தாக்கில் இறங்குகிறோம். ஆனால் முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஏற்றத்துக்கு மட்டும் தயாராகிறார்கள். சைக்கிள், பைக், கார், நடை எதுவானாலும் நான் மறுபக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து பின்னோக்கித்தான் திட்டம் போடுகிறேன். அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

படி 1: பாதை திறந்திருக்கிறதா?

ஆல்ப்ஸில் 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்டெல்வியோ போன்ற கணவாய்கள் குளிர்காலம் முழுக்கப் பனியால் மூடியிருக்கும். மேப்பில் நீலக்கோடு வருகிறது என்பதற்காகப் பாதை திறந்திருப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பகுதியின் சாலைத் துறை வெளியிடும் நிலவரத்தை முந்தின நாள் பாருங்கள், கிளம்பும் காலையிலும் ஒருமுறை பாருங்கள்.

படி 2: உயர வரைபடத்தைப் படிப்பது

தூரம் கூடக் கூடப் பாதையின் உயரம் எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் படம் இது. இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். செயலிகள் காட்டும் "சராசரிச் சாய்வு" என்ற எண் ஆளை நன்றாக ஏமாற்றும்.

பிரான்சின் கலிபியே கணவாயையே எடுத்துக்கொள்வோம். 1911 முதல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் ஏறிவரும் பாதை. வடக்கே சுமார் 710 மீட்டரில் இருக்கும் சான் மிஷேல் ஊரிலிருந்து 2,642 மீட்டர் உச்சி வரை ஏறத்தாழ 35 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 5.5 சதவீதம் வரும், அதாவது 100 மீட்டர் போனால் 5.5 மீட்டர் ஏற்றம். சமாளிக்கலாம் என்றுதான் தோன்றும். ஆனால் வழியில் 1,566 மீட்டரில் டெலிகிராஃப் என்ற இன்னொரு கணவாய் குறுக்கிடுகிறது. அதுவரை 12 கிலோமீட்டருக்கு 7 சதவீதம் ஏறி, பிறகு வலுவார் ஊர் வரை சுமார் 5 கிலோமீட்டர் இறங்கி, இழந்த உயரத்தையும் சேர்த்து மறுபடி 18 கிலோமீட்டர் ஏற வேண்டும். அதில் கடைசி 8 கிலோமீட்டர் 8 சதவீதத்தை ஒட்டியே போகும். சராசரியைக் குறைத்துக் காட்டியது நடுவில் வந்த அந்த இறக்கம்தான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பாதையை இரண்டு இரண்டு கிலோமீட்டராகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டின் தொடக்க உயரத்தையும் முடிவு உயரத்தையும் குறித்து, வித்தியாசத்தை 20 ஆல் வகுத்தால் அந்தத் துண்டின் சாய்வு சதவீதமாகக் கிடைத்துவிடும். 160 மீட்டர் ஏறினால் 8 சதவீதம். எட்டுக்கு மேல் வரும் துண்டுகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். அவை பாதையின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் குவிந்திருந்தால், தொடக்கத்தில் எவ்வளவு தெம்பாக இருந்தாலும் மெதுவாகத்தான் போக வேண்டும். இதே கணக்கை மறுபக்க இறக்கத்துக்கும் போடுங்கள். பிரேக் எங்கே சூடாகும், கால்முட்டி எங்கே வலிக்கும் என்பது அந்தச் சிவப்பு வட்டங்களிலேயே தெரிந்துவிடும்.

இதற்கு எனக்குப் பிடித்தது சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள காகித வரைபடம். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமம். கண் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ளும். போனில் ஓஎஸ்எம்ஆண்ட் (OsmAnd) என்ற வரைபடச் செயலி போதும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

படி 3: நேரக் கணக்கு

நடப்பவர்களுக்கு நெய்ஸ்மித் விதி நல்லது. 1892 இல் வந்த இது இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். 14 கிலோமீட்டர் தூரமும் 1,200 மீட்டர் ஏற்றமும் என்றால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஓய்வு நேரம் இதில் சேராது. செங்குத்தான இறக்கத்துக்கு நான் தனியாக நேரம் ஒதுக்குவேன். சைக்கிளுக்கு, மணிக்கு 500 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வது புதியவர்களுக்குச் சரியாக வரும்.

கோடையில் மலைகளில் இடிமேகம் பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும். ஆகவே நண்பகலுக்குள் உச்சியைத் தாண்டுகிற மாதிரி கிளம்பும் நேரத்தை வையுங்கள். சில இடங்களில் காற்றும் இதற்குக் காரணம். நேபாளத்தின் 5,416 மீட்டர் தோரங் லா கணவாயை நடந்து கடப்பவர்கள் விடியுமுன்பே கிளம்புவது, பொழுது ஏற ஏற அங்கே காற்று வலுக்கும் என்பதால்தான்.

படி 4: ஏறும்போது

சைக்கிளில் சின்ன கியர் வேண்டும். முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 34 பல் இருந்தால் புதியவர்களுக்கு நிம்மதி. பெரிய கியரில்தான் ஏறுவேன் என்ற பிடிவாதம் கால்முட்டியைக் கெடுத்துவிடும். கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பு மிகச் செங்குத்தாக இருக்கும், வெளிவிளிம்பு சாய்வு குறைந்தது. உங்கள் பக்கத்தை விட்டு விலகாமல், இடமிருக்கும் அளவுக்கு வெளிப்பக்கமாகத் திரும்புங்கள்.

பைக்கிலும் காரிலும் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவின் நடுவில் கிளட்சைப் பிடிக்கவே வேண்டாம். குறுகலான மலைச்சாலையில் பொதுவாக ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி.

படி 5: உச்சியில்

நின்ற உடனே, படம் எடுப்பதற்கு முன்பே, வியர்த்த சட்டையை மாற்றிக் காற்று புகாத ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள். 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வீதம் வெப்பம் குறைகிறது. இறங்கும் வேகத்தில் காற்றும் சேர்ந்தால் விரல் விறைத்து பிரேக்கை அழுத்த முடியாமல் போகும். முழுவிரல் கையுறை கோடையிலும் பையில் இருக்கட்டும்.

படி 6: இறக்கம்

சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்று வைப்போம். 1,000 மீட்டர் இறங்கும்போது சுமார் 780 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். அதில் ஒரு பங்கைக் காற்றின் எதிர்ப்பு வாங்கிக்கொள்ளும், மீதி முழுக்க பிரேக்கில் வெப்பமாக இறங்கும். அதனால் வழி நெடுக பிரேக்கை லேசாக உரசிக்கொண்டே வராதீர்கள். நேரான பகுதியில் விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் மறுபடி விட்டுவிடுங்கள். நடுவில் விடுகிற நேரத்தில்தான் பிரேக் ஆறும். வேகம் பயமாக இருந்தால் நின்று ஆறவிட்டுப் போகலாம்.

காரிலும் கியர் பைக்கிலும் எந்த கியரில் ஏறினீர்களோ ஏறக்குறைய அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கவே கூடாது. ஆட்டோமேட்டிக் காரில் L (தாழ்ந்த கியர்) அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். பிரேக் ஆயில் பழசானால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். டாட் 4 வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி, ஈரம் ஏறிய பின் 155 டிகிரிதான். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் மிதி தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. பயணத்துக்கு முன் அதை மாற்றச் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்தவை

உயர வரைபடத்தில் திடீரென்று ஊசி போல ஒரு முனை தெரிகிறதா? பெரும்பாலும் அங்கே சுரங்கப்பாதை இருக்கும். செயலி அதற்கு மேலே உள்ள மலையின் உயரத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த முனையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் அந்தச் சுரங்கத்தில் சைக்கிளை விடுவார்களா என்று பார்த்துவிடுங்கள், பல இடங்களில் தடை உண்டு.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் உச்சிக்கு அருகே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்ற வேண்டாம். பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தின் ஆற்றலை வாங்க அதில் இடமிருக்காது, மோட்டார் தரும் பிடிப்பு குறைந்து முழுச் சுமையும் பிரேக்குக்குப் போய்விடும்.

லடாக் போகிறவர்கள் கேட்டது: விமானத்தில் லே வந்து, மறுநாளே கார்துங் லா போகலாமா? வேண்டாம். லே 3,500 மீட்டர், கணவாய் சுமார் 5,360 மீட்டர். (அங்குள்ள பலகையில் நெடுங்காலம் 18,380 அடி என்று எழுதியிருந்தது, அது மிகை.) உயரத்துக்கு உடல் பழக, லேயில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டுப் போங்கள், மேலே நெடுநேரம் நிற்காதீர்கள். 3,000 மீட்டருக்கு மேல் நடைப்பயணம் என்றால், தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் தங்குங்கள். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அன்றைக்கே, இருட்டினாலும் துணையோடு கீழே இறங்கிவிடுங்கள்.