தத்து வந்த பிள்ளைக்கு ‘என் கதை’ ஃபைல் செய்வது எப்படி?

எங்கள் மகள் 2019-ல், பதினான்கு மாதக் குழந்தையாக வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு மூன்றரை வயதானபோது ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்த உறவுக்காரர், “இது தத்து எடுத்த பிள்ளைதானே, யார் பெத்ததுன்னு தெரியுமா?” என்று அவள் காதுபடவே கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவளுக்கு அது புதுச் செய்தி இல்லை. வந்த வாரத்திலிருந்தே தூங்க வைக்கும்போதெல்லாம் ‘தத்து’ என்ற சொல்லைச் சொல்லி வந்திருந்தோம். “ஆமா, நான் தத்துப் பாப்பா” என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கத் தொடங்கினாள்.

நம் ஊரில் இந்த விஷயம் மூடி வைத்தால் நிற்காது. அத்தை மகனோ, பக்கத்து வீட்டுப் பாட்டியோ, யாராவது ஒருவர் சொல்லியே தீருவார்கள். அதனால் பிள்ளை அதை முதலில் நம் மடியில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். ‘சொல்லணும்னு புரியுது, எப்படி ஆரம்பிக்கிறது?’ என்று கேட்கும் புதுப் பெற்றோருக்கு நான் சொல்லும் வழி ஒரு ஃபைல். பிள்ளையின் கதை, படங்களோடு, அதன் கையிலேயே இருக்கும் ஃபைல்.

1. முதலில் காகிதங்கள்

குழந்தையை அழைத்து வரும்போதே தத்து மையத்தில் நினைவு ஆல்பத்தைக் கேட்டு வாங்குங்கள். நாட்டின் தத்தெடுப்பை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான காராவின் (CARA) தத்தெடுப்பு விதிமுறைகள்படி மையம் அதைத் தயாரித்துத் தரவேண்டும். குழந்தையின் படங்கள், இதுவரை வளர்ந்த விதம், எது பிடிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். குழந்தையைப் பெற்று ஒப்படைத்தவர்களின் விவரம் மட்டும் இருக்காது. சில இடங்களில் இரண்டு படம் ஒட்டிய ஒற்றைத் தாளைத் தந்து முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. இரண்டாம் முறை நேரில் போய், “வேறு படம் ஏதாவது உங்கள் போனில் இருக்கிறதா?” என்று அங்கே வேலை செய்த அக்காக்களிடம் கேட்ட பிறகுதான் அவள் தவழும் படம் கிடைத்தது. கூச்சப்படாமல் கேளுங்கள். வருஷங்கள் போனால் அந்த அக்காக்களும் இருக்க மாட்டார்கள், போனும் இருக்காது.

குழந்தை ஆய்வறிக்கை (குழந்தையின் பின்னணியைப் பற்றி மையம் எழுதுவது), மருத்துவ அறிக்கை, தத்து ஆணை ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். எங்கள் மகளுக்கான ஆணையைத் தந்தது நீதிமன்றம். 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியரே ஆணை தருகிறார். தத்துக்குப் பிறகு வாங்கும் பிறப்புச் சான்றிதழில் அப்பா, அம்மா என்று உங்கள் பெயர்தான் இருக்கும். ஆகவே பிள்ளையின் முன்கதை அதில் கிடைக்காது. அசல்கள் பீரோவில் இருக்கட்டும், ஃபைலுக்கு நகல் மட்டும் போதும்.

கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றால் இன்னொன்றையும் விசாரியுங்கள். அதைச் சட்டப்படி தத்துக்குத் தகுதியானது என்று குழந்தைகள் நலக்குழு (பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளுக்காக மாவட்டத்தில் உள்ள அரசுக் குழு) அறிவிப்பதற்கு முன், பெற்றோரைத் தேடிச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்திருப்பார்கள். அந்தத் துண்டு கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். ‘என்னை யாராவது தேடினார்களா?’ என்று பத்து வயதில் ஒரு கேள்வி வரும். அப்போது கையில் கொடுக்க அந்தத் துண்டு இருக்கும்.

2. தெரிந்தது, தெரியாதது, ஊகம்

இந்த ஃபைலில் கஷ்டமான வேலை இதுதான். ஒரு வெள்ளைத் தாளை மூன்றாக மடித்து, இந்த மூன்று தலைப்பில் எழுதிப் பாருங்கள். நாம் தெரிந்தது என்று நினைத்த பாதி ஊகத்தின் கீழே போய் விழும்.

“உன்னைப் பெத்த அம்மா அழுதுக்கிட்டே கொடுத்தாங்க.” அங்கே நீங்கள் இருந்தீர்களா? இல்லை என்றால் எழுத வேண்டாம். “அவங்க ரொம்ப ஏழை, அதனாலதான்.” அறிக்கையில் அப்படி இல்லையென்றால் அதுவும் ஊகம். அதோடு, மாசக் கடைசியில் “இப்ப காசு இல்லடா” என்று நீங்கள் சொல்லும்போது, தன்னையும் கொடுத்துவிடுவார்களோ என்று பிள்ளை பயப்படும். “உன்மேல ரொம்பப் பாசம் இருந்ததாலதான் கொடுத்தாங்க” என்பது கேட்க இதமாகத்தான் இருக்கும். பாசம் வைத்தவர்கள் விட்டுவிடுவார்கள் என்றுதான் அது பிள்ளை மனதில் பதியும். நீங்களும் தினமும் பாசமாகத்தானே இருக்கிறீர்கள்?

சரி, அப்படியென்றால் ‘ஏன்’ என்று கேட்டால் என்ன சொல்வது? நாங்கள் சொல்வது இதுதான்: “ஏன்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு நிச்சயமாத் தெரியும். அத்தனை சின்னப் பாப்பா எந்தத் தப்பும் செய்ய முடியாது. அதனால காரணம் நீ இல்ல.” இதை நூறு முறை சொல்லியிருப்போம். இன்னும் சொல்வோம்.

பெற்றோரே குழந்தைகள் நலக்குழு முன் ஒப்படைத்த குழந்தை என்றால், மனம் மாறித் திரும்பப் பெற அவர்களுக்குச் சட்டம் இரண்டு மாத அவகாசம் தருகிறது. விவரம் தெரிந்த வயதில் பிள்ளைக்கு இதையும் சொல்லலாம்.

3. ஃபைல் வாங்குவது

ஏ4 ரிங் ஃபைல், கூடவே கண்ணாடித்தாள் உறைகள். பைண்டு செய்த நோட்டு வேண்டாம். பக்கங்களைக் கழற்றவும் நடுவில் சேர்க்கவும் முடிய வேண்டும்.

4. முதல் பக்கம் பிறப்பு

நிறையப் பேர் “நாங்க உன்னைப் பார்க்க கார்ல வந்தோம்” என்று தொடங்குகிறார்கள். அது நம் கதையின் தொடக்கம். பிள்ளையின் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எங்கள் ஃபைலின் முதல் பக்கம் இது:

“நீ ஒரு மழைக்காலத்தில் பிறந்தாய். உன்னை ஓர் அம்மா வயிற்றில் சுமந்து பெற்றார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. நீ பிறந்தபோது உன் எடை 2 கிலோ 300 கிராம்.”

படம் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஒரு மேகம் வரைந்தாலும் போதும். கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்குப் பிறந்த தேதி பெரும்பாலும் மருத்துவர் வயதை மதிப்பிட்டுக் குறித்ததாக இருக்கும். அதையும் அப்படியே எழுதுங்கள். ‘நட்சத்திரம் என்ன?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அவர்கள் திருப்திக்காக ஒன்றைக் கணித்து ஃபைலில் எழுதிவிடாதீர்கள். பின்னால் அது பொய் என்று தெரிந்தால் மற்ற பக்கங்களையும் பிள்ளை நம்பாது.

5. இடைப்பட்ட நாட்கள்

வீட்டுக்கு வரும்வரை பிள்ளை இருந்த இல்லத்தின் வாசல், படுத்திருந்த தொட்டில், பார்த்துக்கொண்ட ஆயாக்கள், என்ன சாப்பிட்டாள், எதைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள் என்று இந்தப் பக்கங்களை நிறையுங்கள். இல்லத்தில் அழைத்த பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். நீங்கள் புதுப் பெயர் வைத்திருந்தாலும் அந்தப் பெயரும் பிள்ளையுடையதுதான். வரும்போது போட்டிருந்த கவுனைத் துவைக்காமல் ஓர் உறையில் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு பயணம், வீட்டு வாசலில் ஆரத்தி, முதல் இரவு முழுக்க அழுதது. அழுததை மறைக்க வேண்டாம். தெரிந்த முகமெல்லாம் ஒரே நாளில் காணாமல் போனால் யாரும் அழத்தான் செய்வார்கள்.

6. சொற்கள்

‘பெற்ற அம்மா’, ‘அம்மா’ என்று பிரித்துச் சொல்கிறோம். ‘உண்மையான அம்மா’ என்ற பேச்சே வேண்டாம். ‘தூக்கிப் போட்டுட்டாங்க’, ‘அநாதை’, ‘பிள்ளை வாங்கினாங்க’ எல்லாம் வீட்டுக்குள் வரக்கூடாத சொற்கள். “உங்களுக்கு எவ்வளவு புண்ணியம்!” என்று பிள்ளை முன்னால் யாராவது சொன்னால், “எங்களுக்குப் பிள்ளை வேணும்னு இருந்துச்சு, வந்துட்டா” என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். தனக்குத் தர்மம் செய்யப்பட்டது என்ற எண்ணத்தோடு எந்தப் பிள்ளையும் வளர வேண்டியதில்லை.

7. படித்துக் காட்டுவது

இதற்கென்று நல்ல நாள் பார்க்க வேண்டாம், எதிரே உட்கார வைத்துச் சொல்லவும் வேண்டாம். மற்றக் கதைப் புத்தகங்களோடு அலமாரியில் இருக்கட்டும். மூன்று வயதில் படம் பார்த்தாலே போதும். ஆறேழு வயதில், தன்னை ஒருவர் வைத்துக்கொள்ளவில்லை என்பது பிள்ளைக்கு முதன்முதலாக உறைக்கும். ஒன்றாம் வகுப்பில் எங்கள் மகள் இரண்டு மாதம் ஃபைலைத் தொடவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை. திரும்ப எடுத்தபோது, “அவங்க என்னை மாதிரி இருப்பாங்களா?” என்றுதான் கேட்டாள். “இருக்கலாம், தெரியலையே” என்றேன். சேர்ந்து அழுதோம். பிறந்தநாள் அன்று காரணம் தெரியாத சிடுசிடுப்பு வந்தாலும் திட்டாதீர்கள். அன்று அந்த அம்மாவின் நினைவும் வருகிறது.

இந்த ஃபைல் பிள்ளையின் சொத்து. விருந்தாளிகளுக்கு எடுத்துக் காட்டாதீர்கள். பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்வதற்கு முன் ஆசிரியரிடம் பேசி வையுங்கள்.

8. பேரப்பிள்ளையை வளர்ப்பவர்கள், வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பவர்கள்

மகளை இழந்து பேரனை வளர்க்கும் அம்மாச்சிகள், “அம்மா துபாய் போயிருக்கா” என்று சொல்லிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடுகிறான். இறந்துவிட்டாள், அவள் உடம்பு இனி வேலை செய்யாது, திரும்பி வரமாட்டாள் என்று எளிய சொற்களில் சொல்லிவிடுங்கள். அவள் படங்கள், கையெழுத்து, சேலையில் ஒரு துண்டு, போனில் இருக்கும் குரல் எல்லாம் ஃபைலுக்கு வரட்டும். குரல் பதிவை வேறு இடத்திலும் நகலெடுத்து வையுங்கள். உங்களை அவன் அம்மாச்சி என்றே கூப்பிடட்டும்.

வளர்ப்புப் பராமரிப்பு (ஃபாஸ்டர் கேர்) என்பது தத்து இல்லை, பிள்ளையைக் கொஞ்ச காலம் நம் வீட்டில் வைத்து வளர்ப்பது; அதில் பிள்ளை தன் வீட்டுக்குத் திரும்பக்கூடும். அப்போது ஃபைலும் கூடவே போக வேண்டும், உங்கள் வீட்டில் இருந்த நாட்களின் பக்கங்களோடு. பிள்ளையின் படத்தை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

9. கடைசி உறைகள்

நாலைந்து உறைகளைக் காலியாக விடுங்கள். 18 வயது முடிந்தபின் தன் வேர்களைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பிள்ளையே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் பெற்றோரும் சேர்ந்து கேட்க வேண்டும். ஒப்படைத்த பெற்றோர் தங்கள் விவரம் வெளியே தெரிய வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அவர்கள் சம்மதம் இல்லாமல் கிடைக்காது. அதனால் “ஒருநாள் கண்டுபிடிச்சிரலாம்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “நீ தேடணும்னு நினைச்சா நாங்க கூட வருவோம்” என்று சொல்லலாம். எங்கள் ஃபைலின் கடைசி உறைக்குள் இருக்கும் தாளில் அந்த ஒரு வரிதான் எழுதியிருக்கிறது. கீழே நானும் அவள் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.