தேன்மெழுகுத் துணியுறை: வீட்டில் செய்யும் முறை

நறுக்கிய வெங்காயத்தையும் பாதித் தேங்காய் மூடியையும் பொதிந்துவைக்கப் பிளாஸ்டிக் தாளுக்கு மாற்றாக உதவும் தேன்மெழுகுத் துணியை, ஓர் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டே வீட்டில் செய்துவிடலாம். துணி நெருக்கமாக நெய்த முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். ரவிக்கைக்கு வாங்கும் டூ பை டூ துணி இதற்கு மிகவும் பொருந்தும். இழை விலகிய பழைய வேட்டி உதவாது. புதுத் துணியின் கஞ்சி மெழுகை உள்ளே இறங்க விடாது என்பதால், அலசி உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும்.

மெழுகை மட்டும் பூசினால் துணி விறைத்து, மடித்த இடமெல்லாம் வெடித்து உதிரும். கிண்ணத்தின் விளிம்பைப் பற்றிக்கொள்ளும் பசைத்தன்மையைத் தருவது பைன் மரப் பிசினாகிய ரோசின். துணியை வளைய வைப்பது எண்ணெய். 100 கிராம் தேன்மெழுகுக்கு 25 கிராம் ரோசின் தூளும் ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயும் போதும். நல்லெண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். மெழுகைத் தேனீ வளர்ப்பவரிடமே வாங்குவது நல்லது. மார்த்தாண்டம் பக்கத்தில் அவர்களுக்குப் பஞ்சமில்லை.

தேன்மெழுகு ஏறத்தாழ 63 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ரோசினோ அதைவிடக் கூடுதல் சூட்டில்தான் இளகும். ஆகவே, கொதிநீரில் இறக்கிய பாத்திரத்தில் முதலில் எண்ணெயையும் ரோசினையும் கரையவிட்டு, பிறகு மெழுகைச் சேர்த்துப் பொறுமையாகக் கிளற வேண்டும். நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளக்கூடும். பேக்கிங் தாளின் மேல் துணியை விரித்து, கலவையைப் பழைய தூரிகையால் மெல்லப் பூசி, இன்னொரு தாளால் மூடி, நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கித் தேய்க்க வேண்டும். மெழுகு ஊறிய இடம் ஈரத்துணிபோல் நிறம் அடர்ந்து தெரியும். வெளிறிய திட்டுகள் இருந்தால் அங்கு மட்டும் இன்னும் சிறிது பூசித் தேய்க்கலாம். சூடு ஆறுமுன் இரு முனைகளைப் பிடித்துத் தூக்கிக் காற்றில் அசைத்தால் ஒரு நிமிடத்துக்குள் இறுகிவிடும்.

பச்சை மீன், இறைச்சி, சூடான இட்லி ஆகியவற்றை இதில் பொதியக் கூடாது. சூடான பண்டத்துக்கு வாழையிலையே மேல். குளிர்ந்த நீரில், காரமில்லாத சோப்பால் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். சித்திரை வெயிலில் துணி பிசுபிசுக்கும் என்பதால் அடுப்படியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். சில மாதங்களில் பிடிப்புத் தளர்ந்தால், கழுவி நன்றாக உலர்த்திய பின் இரு தாள்களுக்கிடையே வைத்து மறுபடி தேய்த்தால் மெழுகு உருகிச் சமமாகப் பரவிவிடும்.