பரிசுத்தமா வாழுறது எப்படி? ஒரே ஒரு பாவத்துல இருந்து ஆரம்பிங்க

பரிசுத்தம்னாலே அதைப் பார்க்காதே, இங்க போகாதேன்னு ஒரு லிஸ்ட்தான் நிறைய பேருக்கு ஞாபகம் வரும். லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை ஒரு தடவை உட்கார்ந்து முழுசா படிச்சுப் பாருங்க. இரண்டாம் வசனத்துல நான் பரிசுத்தர், நீங்களும் பரிசுத்தரா இருங்கன்னு தேவன் சொல்றார், அதே அதிகாரத்துலயே வேலைக்காரனோட கூலியை விடியுற வரைக்கும் கையில வச்சுக்காதே, காது கேக்காதவனைத் திட்டாதே, கோள் சொல்லித் திரியாதே, எடைக்கல்லுல ஏமாத்தாதே, நரைச்சவங்க முன்னாடி எழுந்திருன்னு வரிசையா வருது. எல்லாமே திங்கட்கிழமை வேலைக்குப் போனா எதிர்ல வர்ற விஷயம்தான்.

அதனால பெருசா "நான் இனிமே பரிசுத்தமா வாழப்போறேன்"னு தீர்மானம் எடுக்காதீங்க, அது எங்கயும் போய் நிக்காது. பேர் சொல்லக்கூடிய ஒரு பாவத்தை எடுங்க. இங்க நான் உதாரணத்துக்கு புறங்கூறுறதை எடுத்துக்கிறேன், ஏன்னா சபைக்குள்ள இதை யாருமே பாவமா எண்ணுறதில்ல, "அவருக்காக ஜெபிச்சுக்கோங்க"ன்னு ஆரம்பிச்சு அவர் வீட்டுக் கதை மொத்தத்தையும் சொல்லி முடிச்சுடுறோம்.

சண்டையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு தெளிவா இருக்கணும், இதுல குழம்புனா மத்ததெல்லாம் வீண். நீதிமானாக்கப்படுறது வேற, பரிசுத்தமாக்கப்படுறது வேற. சீர்திருத்த சபைகள் விசுவாசத்தைக் கேள்வி-பதிலா சொல்லிக்கொடுக்கப் பயன்படுத்துற வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடையில 77ஆம் கேள்வி இதைத்தான் பிரிச்சுக் காட்டுது: முதலாவதுல கிறிஸ்துவோட நீதி நம்ம கணக்குல எண்ணப்படுது, அது எல்லா விசுவாசிக்கும் ஒரே அளவு, இந்த வாழ்க்கையிலேயே முழுமையானது, இரண்டாவதுல ஆவியானவர் நமக்குள்ள கிருபையை ஊத்தி மாத்துறார், அது ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும், இந்த உலகத்துல யாருக்கும் முழுசா முடியாது. ஆக நேத்து நாக்கை அடக்க முடியாம தோத்துட்டீங்கன்னா உங்க பரிசுத்தத்துல வேலை பாக்கி இருக்குன்னு அர்த்தம், தேவன் உங்களை ஏத்துக்கிட்டதுல ஒரு துளிகூட குறையல. அதுக்காக சும்மா இருந்துடலாமான்னா அதுவும் முடியாது, சீர்திருத்தவாதி ஜான் கால்வின் சொல்ற மாதிரி கிறிஸ்துவைத் துண்டு துண்டா பிரிச்சு நீதியை மட்டும் எடுத்துக்கிட்டு பரிசுத்தத்தை விட்டுட்டு வர முடியாது, 1 கொரிந்தியர் 1:30ல ரெண்டும் அவருக்குள்ள ஒண்ணாத்தான் இருக்கு.

இன்னொரு குழப்பம், "நான் எதுவும் செய்ய மாட்டேன், ஆண்டவர்கிட்ட விட்டுட்டேன், அவரே பார்த்துப்பார்"ங்கறது. கேக்க பக்தியா இருக்கும். ஆனா ரோமர் 8:13 "ஆவியினாலே சரீரத்தின் செய்கைகளை அழித்தால் பிழைப்பீர்கள்"னு சொல்லுது, அழிக்கிறது நாம, பெலன் ஆவியானவரோடது. பிலிப்பியர் 2:12ல பிரயாசப்படுங்கன்னு சொன்ன கையோட 13ல விருப்பத்தையும் செய்கையையும் தேவனே உண்டாக்குறார்னு பவுல் எழுதுறார். அவர் செய்றதாலதான் நாம செய்றோம். பாதி அவர் பாதி நான்னு பங்கு போடுற கணக்கு இல்ல இது.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு வாரம் உங்க நாக்கைக் கவனிங்க. யாரைப் பத்தி, யார்கிட்ட, எந்த நேரத்துல பேசுறீங்கன்னு பாருங்க, போன்ல கூட சுருக்கமா எழுதி வைக்கலாம். ஒரு பேட்டர்ன் தெரியும், பெரும்பாலும் அதே ரெண்டு பேர், அதே டீ டைம், அதே வாட்ஸ்அப் குரூப். அப்புறம் அடுத்த கேள்வி, இதுதான் வலிக்கும்: அந்தக் கதையைச் சொன்னப்போ எனக்கு என்ன கெடைச்சுது? அவரைவிட நான் பரவாயில்லங்கற நிம்மதியா, உள்விஷயம் எனக்குத்தான் தெரியும்ங்கற பெருமையா, என்னைக் காயப்படுத்தினவருக்குத் திருப்பிக் குடுத்த திருப்தியா? யாக்கோபு 1:14 அவனவன் தன் சொந்த இச்சையாலதான் இழுக்கப்படுறான்னு சொல்லுது. அந்த இச்சையைத் தொடாம வெறும் வாயை மூடுனா அது வேற வழியா வெளிய வரும், பேசாம இருப்பீங்க, ஆனா மனசுக்குள்ள அவரைக் கிழிச்சுட்டு இருப்பீங்க. பெருமைதான் வேர்னு தெரிஞ்சா ஜெபமும் மாறும், "என் நாக்கைக் காத்தருளும்"ங்கறதோட நிக்காம "உம்மோட பார்வையில எனக்குக் கிடைச்ச இடம் போதும்னு நம்ப வையும்"னு கேட்பீங்க.

அடுத்தது நிறைய பேர் விட்டுடுற பாதி. பத்துக் கட்டளைகளை எப்படிப் புரிஞ்சுக்கணும்னு அதே பெரிய வினாவிடை 99ஆம் கேள்வியில விதிகள் தருது, அதுல ஒண்ணு, எங்க ஒரு பாவம் தடை பண்ணப்பட்டிருக்கோ அங்க அதுக்கு எதிரான கடமையும் கட்டளையிடப்பட்டிருக்கு. எபேசியர் 4:28ல திருடன் திருட்டை நிறுத்துறதோட விடல பவுல், வேலை செஞ்சு இல்லாதவனுக்குக் கொடுக்கச் சொல்றார். அப்போ புறங்கூறுறவன் பேசாம இருந்தா வேலை முடியல. 1563ல வந்த இன்னொரு சீர்திருத்த சபை வினாவிடையான ஹைடல்பர்க் வினாவிடை, பொய்சாட்சி சொல்லாதேங்கற கட்டளையை விளக்குற 112ஆம் பதில்ல, யாரையும் விசாரிக்காம குற்றவாளின்னு முடிவு பண்ணக்கூடாதுன்னு சொல்லிட்டு, என்னால முடிஞ்ச அளவு அடுத்தவனோட நற்பெயரைக் காப்பாத்தி உயர்த்தணும்னு முடிக்குது. இதை பிராக்டிகலா செய்யணும்னா, நீங்க அடிக்கடி கிழிக்கிற அந்த ஆள்கிட்ட உண்மையா இருக்குற ஒரு நல்ல விஷயத்தைக் கண்டுபிடிச்சு, அதே ரெண்டு பேர்கிட்ட, அதே டீ டைம்ல சொல்லுங்க. பொய்யா புகழ வேண்டாம், அதுவும் அதே கட்டளையை மீறுறதுதான். அப்புறம் அடுத்தவங்க கதையை ஆரம்பிச்சா "இதை அவர்கிட்டயே கேட்டீங்களா?"ன்னு ஒரு கேள்வி போதும், பெரும்பாலும் பேச்சு அங்கயே நின்னுடும், கொஞ்சம் சங்கடமா இருக்கும், பரவாயில்ல.

இதுக்கெல்லாம் பெலன் எங்க இருந்து வரும்னா வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை சொல்ற சாதாரண வழிகள்தான்: வசனம், திருநியமங்கள் (ஞானஸ்நானம், திருவிருந்து), ஜெபம். புதுசா எதையும் தேடாதீங்க. ஓய்வுநாள்ல பிரசங்கம் கேக்குறது, திருவிருந்துக்கு வர்றது இதெல்லாம் போர் அடிக்கற மாதிரி தெரியலாம், ஆனா தேவன் தன் கிருபையைக் கொடுக்குறதா வாக்கு பண்ணியிருக்குற இடம் அதுதான். ஞானஸ்நானத்தையும் சொல்லணும், அது என்னைக்கோ முடிஞ்சு போன சடங்குன்னு நெனைக்கிறோம், பெரிய வினாவிடை 167ஆம் கேள்வியில ஞானஸ்நானத்தை வாழ்நாள் பூரா, முக்கியமா சோதனை நேரத்துல பயன்படுத்திக்கிறது ரொம்பத் தேவையான, ஆனா ரொம்ப அலட்சியம் பண்ணப்படுற கடமைன்னு எழுதியிருக்காங்க. அதாவது நாக்கு நுனியில கதை வந்து நிக்கும்போது "நான் கிறிஸ்துவோட மரிச்சவன், இந்தப் பாவத்துக்கு என்மேல இனி அதிகாரம் இல்ல"ன்னு ரோமர் 6ஐ உங்களுக்கே சொல்லிக்கறது.

விழுவீங்க, அது நிச்சயம். ஹைடல்பர்க் 114 சொல்றபடி ரொம்பப் பரிசுத்தமானவங்களுக்குக்கூட இந்தக் கீழ்ப்படிதல்ல ஒரு சின்ன ஆரம்பம்தான் இருக்கு, ஆனாலும் அவங்க சில கட்டளைகளுக்கு இல்ல, எல்லாத்துக்கும் கீழ்ப்படிஞ்சு வாழ மனசார ஆரம்பிக்கிறாங்க. விழுந்தா ரெண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுட்டு, கொஞ்சம் நல்லவனா ஆன பிறகு ஜெபிக்கலாம்னு காத்திருக்காதீங்க, அது பணிவு மாதிரி வேஷம் போட்ட சுயநீதி. பாவத்தை அறிக்கை பண்ணா தேவன் மன்னிப்பார்னு சொல்ற 1 யோவான் 1:9ஐ நம்பி அந்த நிமிஷமே அறிக்கை பண்ணுங்க.

அறிக்கை பண்ணதுக்கு அப்புறம் சரி பண்ற வேலையும் இருக்கு. யாரைப் பத்திப் பேசினீங்களோ அவருக்கு விஷயமே தெரியலன்னா, நேரா போய் "உங்களைப் பத்தித் தப்பா பேசிட்டேன்"னு கொட்டறது பல நேரம் நம்ம மனபாரத்தை அவர் தலையில இறக்கி வைக்கிறதுதான்னு நான் நெனைக்கிறேன், ஒரு மூப்பர்கிட்டயோ போதகர்கிட்டயோ கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. ஆனா யார்கிட்ட பேசினீங்களோ அவங்ககிட்ட போக யார் அனுமதியும் தேவையில்ல. "நேத்து அவரைப் பத்தி நான் சொன்னது தப்பு, எனக்கு முழு விஷயம் தெரியாது, அதை யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு சொல்லுங்க, இன்னைக்கே.