பாக்ஸ்குளோவ் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் பாக்ஸ்குளோவ் என்னும் பூச்செடியின் நாற்றை ஆசையோடு வாங்கிச் செல்வதையும், ஓராண்டுக்குள் அது தங்களுக்கு ஒத்துவராது என்று கைவிடுவதையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். தண்ணீர் விட மறப்பது போன்றவற்றைச் செடியே வாடிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை.

பூக்கவில்லை என்று பிடுங்கி எறிதல்

இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஊதாப் பூப் பூக்கும் சாதாரண பாக்ஸ்குளோவ் ஈராண்டுச் செடி. முதலாண்டில் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தை மட்டுமே விடும்; அந்தக் கொத்து போதிய அளவு திரண்டு, அதன்பின் சில வாரக் குளிரையும் கடந்தால்தான் நடுவிலிருந்து பூந்தண்டு எழும். அக்டோபரில் விதைத்த நாற்று, டிசம்பர், ஜனவரி உறைபனியின்போது சிறு கன்றாகவே இருப்பதால் அந்தக் குளிர் அதற்குப் பயன்படுவதில்லை. மே மாத மலர்க் கண்காட்சிக்கு ஊட்டியே பூத்துக் கிடக்க, தம் பாத்தி மட்டும் இலையாக நிற்பதைப் பலரால் தாங்க முடிவதில்லை.

லவ்டேலில் குடியேறிய ஓர் அம்மையார், ஒரு ஜூன் மாதத்தில், பாத்தி முழுவதையும் பிடுங்கி வேலியோரம் குவித்திருந்தார். "இலையாவே விட்டுக்கிட்டு இருக்கு, பூவைக் காணோம்" என்றார். குவியலிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன்: உள்ளங்கையைவிட அகன்ற இலைகள், அவற்றின் அடிப்புறத்தில் சாம்பல் நிற மென்மயிர், கட்டைவிரல் தடிமனுக்குத் திரண்ட நடுக்குருத்து. இன்னும் ஒரு பனிக்காலம் விட்டுவைத்திருந்தால் ஆளுயரத்திற்குத் தண்டு எழும்பியிருக்கும். வேர்கள் காய்ந்துபோயிருந்ததால் திரும்ப நடவும் வழியில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் விதைத்து, மழைக்காலத்தில் நாற்றுகளை மறைப்பின்கீழ் காத்தால், பனி தொடங்குவதற்குள் கொத்து திரண்டுவிடும். காத்திருக்க இயலாதவர்கள் முதலாண்டிலேயே பூக்கும் ஃபாக்ஸி, கேமலாட் போன்ற ரகங்களை வாங்கலாம்.

விதையை மண்ணால் மூடுதல்

மூடாதீர்கள், அது முளைக்க வெளிச்சம் வேண்டும்.

தாழ்வான இடத்தில் நடுதல்

தென்மேற்குப் பருவமழையில் குருத்து அழுகிவிடும். மேட்டுப்பாத்தி அமையுங்கள்.

கீரைப் பாத்தியின் அருகே நடுதல்

இலை, பூ, விதை அனைத்தும் நஞ்சு. இதயத் துடிப்பையே குலைத்துவிடும். 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் இதன் இலையை நீர்வீக்கத்திற்கு மருந்தாக விவரித்தபோதே, அளவு மீறினால் நேரும் ஆபத்தையும் சேர்த்தே எழுதினார். பூக்காத பருவத்தில் காம்ஃப்ரே என்ற மூலிகையின் இலை என்று தவறாகப் பறிக்க வாய்ப்புண்டு. ஆகவே சமையலுக்குப் பறிக்கும் எதற்கும் பக்கத்தில் இதனை நடக்கூடாது. இதன் பூவைச் செருகிய சாடித் தண்ணீரைக்கூடக் குழந்தைகளுக்கு எட்டாமல் கொட்டிவிட வேண்டும்.

பூ முடிந்ததும் வேரோடு களைதல்

நடுத்தண்டை மட்டும் வெட்டினால் பக்கத்தண்டுகள் சிறிதாகப் பூக்கும். ஒரு செடியின் தண்டை மட்டும் வெட்டாமல் விட்டு, அடியிலுள்ள காய்கள் பழுப்பேறி வெடிக்கத் தொடங்கும்போது காகித உறையைக் கவிழ்த்து விதையைச் சேகரித்துக்கொள்ளுங்கள்.