எடை குறைப்பு ஆப்பை நம்பலாமா? ஒரு சின்னக் கணக்கு

ஆப்பை இறக்கியதும் ஸ்டார் எண்ணிக்கையை மறந்துவிட்டு, அதில் ஏதாவது ஓர் உணவைத் தேடுங்கள். புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. உதாரணமாக 10 கிராம் புரதம், 20 கிராம் மாவுச்சத்து, 5 கிராம் கொழுப்பு என்றால் மொத்தம் 165 வரவேண்டும். நார்ச்சத்து அதிகமிருந்தால் கொஞ்சம் முன்பின் ஆகலாம், அது சரி. ஆனால் ஆப் 90 என்று காட்டினால்? பயனர் யாரோ போகிறபோக்கில் பதிந்த விவரமாக இருக்கும். பல ஆப்களில் அப்படித்தான். நான்கைந்து உணவுகளைப் பார்த்தாலே தரம் தெரிந்துவிடும்.

அப்புறம், வாரம் 3 கிலோ குறைக்க வேண்டும் என்று இலக்கு கொடுத்துப் பாருங்கள். பொதுவாகச் சொல்லப்படுவது அரை முதல் 1 கிலோ வரைதான். எச்சரிக்காமல் தலையாட்டினால் அழித்துவிடலாம்.