அலமாரிக்குள் இருந்த ரவுட்டர்

எங்கள் வீட்டு ரவுட்டர் இரண்டு வருடம் டிவி அலமாரிக்குள் கதவு சாத்திக் கிடந்தது. நாலு கொம்பை நீட்டிக்கொண்டு பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது என்று அம்மா உள்ளே தள்ளிவிட்டார். கடைசி அறையில் உட்கார்ந்து வேலை செய்யும் எனக்கு வீடியோ அழைப்பில் பாதிப் பேச்சு கேட்கும். மீதியை நானே ஊகித்துக்கொள்ள வேண்டும். வேகமான பிளானுக்கு மாறினேன், பயனில்லை. ரவுட்டரையே புதிதாக வாங்கினேன். அதையும் கொண்டுபோய் அதே அலமாரிக்குள் வைத்தேன்! அப்புறம் ஒருநாள் சுவருக்கு வண்ணம் அடிக்க அலமாரியை நகர்த்தியபோது, ரவுட்டரை எடுத்துக் கூடத்து மேசைமேல் வைத்தோம். அன்று என் அறையில் அழைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை.

ரவுட்டர் வாங்கியதும் எல்லோரும் செட்டிங்ஸில்தான் நேரத்தைச் செலவிடுகிறோம். நான் இங்கே ரவுட்டரை வைக்கும் இடத்தையும் கேபிளையும் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேசப்போகிறேன். ஆனால் வரிசைப்படி ஆரம்பிக்கலாம்.

புதுப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் அந்த மெல்லிய கண்ணாடி இழை வந்து சேரும் ஒரு பெட்டி இருக்கும். பல வீடுகளில் அந்தப் பெட்டியே ரவுட்டர் வேலையையும் செய்துகொண்டிருக்கும், வைஃபையும் கொடுக்கும். அதன் பின்னால் நீங்கள் வாங்கியதையும் அப்படியே மாட்டினால், ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் கருவிகளுக்குத் தனித்தனியாக ஐபி முகவரி (நெட்டில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) கொடுக்கும். நெட் வரும். ஆனால் ஒன்றில் இணைந்த பிரிண்டர் மற்றதில் இணைந்த போனுக்குத் தெரியாமல் போகலாம், சில ஆன்லைன் விளையாட்டுகள் முரண்டு பிடிக்கலாம். சுலபமான வழி, புது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' மோடில் போட்டுவிடுவது. முகவரி கொடுப்பதைப் பழைய பெட்டி பார்த்துக்கொள்ளும், வைஃபை கொடுப்பதைப் புதியது பார்த்துக்கொள்ளும். பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இன்னொரு வழி, நெட் கொடுக்கும் நிறுவனத்திடம் சொல்லி அவர்கள் பெட்டியை 'பிரிட்ஜ்' மோடில் போடச் சொல்வது. அப்போது எல்லாப் பொறுப்பும் உங்கள் ரவுட்டருக்கு வந்துவிடும்.

இனி கேபிள். ரவுட்டரின் முதுகில் ஐந்து துளைகள் இருந்தால், நாலு ஒரே நிறத்திலும் ஒன்று மட்டும் வேறு நிறத்திலும் இருப்பது வழக்கம். அந்தத் தனியான ஒன்றுதான் 'வான்' (WAN) போர்ட். பக்கத்தில் பூமிப்பந்து மாதிரி ஒரு படமும் இருக்கலாம். வெளியிலிருந்து வரும் கேபிள் அதில்தான் போக வேண்டும். மற்ற நாலும் 'லேன்' (LAN), வீட்டுக்குள் இருக்கும் கணினிக்கும் டிவிக்கும். வைஃபை பெயர் தெரிகிறது, இணைகிறது, ஆனால் 'இணையம் இல்லை' என்று வருகிறதா? முதலில் கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள். ரவுட்டரோடு வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். முனை பொருந்துகிறது என்பதற்காக வேறொரு அடாப்டரைச் செருக வேண்டாம். வோல்ட் மாறினால் ரவுட்டர் போய்விடக்கூடும்.

கேபிள் விஷயத்தில் என் கதை ஒன்று. 300 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 300 மெகாபிட்) பிளான் போட்டிருந்தேன். ஸ்பீடு டெஸ்ட் எப்போது வைத்தாலும் 94. காலையிலும் 94, நள்ளிரவிலும் 94. நெட் மெதுவாக இருந்தால் எண் ஏறும், இறங்கும். இப்படிச் சுவரில் முட்டியது போல ஒரே எண்ணில் நிற்காது. அந்த நிலையான எண்தான் துப்பு. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நாலு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். 1000 எம்பிபிஎஸ் ஓட நாலு ஜோடியும் வேண்டும். 100க்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தாலும் இரு முனைகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டு, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடக்கூடும். அதில் நம் கைக்கு வந்து சேர்வது 94 சொச்சம். கேபிள் முனையின் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழு கம்பிகள் நுனிவரை வந்திருந்தன. பழுப்பு நிறக் கம்பி மட்டும் பாதியிலேயே நின்றிருந்தது. கேபிளை மாற்றினேன், வேகம் வந்துவிட்டது. வாங்கும்போது கேபிளின் உறையில் 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும், வீட்டுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

முதலில் ஃபைபர் பெட்டிக்கு மின்சாரம் கொடுங்கள். அதன் விளக்குகள் நிலைபெற்றதும் ரவுட்டரை ஆன் செய்யுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். அதை வைத்துப் போனை இணையுங்கள். இங்கே ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை: போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இந்த வைஃபையில் இன்னும் நெட் இல்லை என்று கண்டதும் போன் தானாக டேட்டாவுக்குத் தாவும், செட்டிங்ஸ் பக்கம் திறக்காது. அக்கா வீட்டில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

உலாவியின் முகவரிப் பட்டையில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடியுங்கள். எது என்று அந்தச் சீட்டிலேயே இருக்கும். இல்லையென்றால் போனின் வைஃபை விவரத்தில் 'கேட்வே' என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அதனால்தான் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஒரே எண் இருந்தாலும் குழப்பம் வருவதில்லை. 'இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல' என்று உலாவி பயமுறுத்தினால், நீங்கள் பேசுவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் உங்கள் பெட்டியோடுதான், மேலே போகலாம்.

இணைப்பு வகை கேட்கும். 'டைனமிக் ஐபி' என்றால் எதையும் நிரப்ப வேண்டாம். 'பிபிபிஓஇ' (PPPoE) என்றால் நெட் நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும். எல்லாம் சரியாகக் கொடுத்தும் நெட் வரவில்லை என்றால், பழைய ரவுட்டரின் 'மேக்' முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பிலேயே தரப்படும் அடையாள எண்) நிறுவனம் பதிந்து வைத்திருக்கக்கூடும். போன் செய்து 'ரவுட்டர் மாற்றிவிட்டேன்' என்று சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள்.

பாஸ்வேர்டு இரண்டு என்பதை மறக்காதீர்கள். ஒன்று வைஃபையில் சேர. இன்னொன்று இந்த செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைய. முதலாவதை விருந்தாளிக்குச் சொல்லலாம், இரண்டாவதைச் சொல்லக் கூடாது. நான் இரண்டாவதை மாற்றினேன், மறந்தேன். வேறு வழியில்லாமல் பின்னால் இருக்கும் ஊசித்துளையில் குண்டூசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினேன். எல்லாம் அழிந்தது, பிபிபிஓஇ விவரமும் சேர்த்துத்தான். இப்போதெல்லாம் அந்த இணைப்புப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

வைஃபைக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மொத்த அளவு 32 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்; தமிழில் உயிர், அகரமேறிய மெய், புள்ளி, துணைக்கால் என ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'அம்மா வீடு' என்பதற்கு 28 ஆகிறது, மயிரிழையில் தப்பும். சில பழைய கருவிகளில் பெயர் கோணல்மாணலாகத் தெரியலாம், அவ்வளவுதான். பாஸ்வேர்டு மட்டும் ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் இருக்கட்டும். 8 முதல் 63 எழுத்துவரை வைக்கலாம். சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து எழுதினால் நீளமாகவும் இருக்கும், வாயால் சொல்லவும் வரும். பெரிய 'ஓ'வா பூஜ்யமா என்று விருந்தாளி கேட்கும் பாஸ்வேர்டை நான் ஒருமுறை வைத்து அனுபவித்தாயிற்று.

பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 (WPA3) இருந்தால் அது. பழைய கருவிகளும் இருந்தால் டபிள்யூபிஏ2-டபிள்யூபிஏ3 கலந்தது. 'வெப்' (WEP) என்று பழைய வகை ஒன்று இருந்தால் தொடவே வேண்டாம். 2001லேயே அதை உடைத்துவிட்டார்கள். பாஸ்வேர்டுக்குப் பதில் ஓர் எட்டு இலக்க எண்ணைக் கொடுத்துச் சேரும் 'டபிள்யூபிஎஸ்' பின் (WPS PIN) வசதியையும் அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கம் என்றால் பத்து கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்தே கணக்காகிவிடுவதாலும், சுமார் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011ல் அம்பலமானது. வெளியிலிருந்து ரவுட்டருக்குள் நுழையும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' ஆனில் இருந்தால் அதையும் அணையுங்கள். வைஃபை பெயரை மறைத்து வைப்பதால் பாதுகாப்பு எதுவும் கூடுவதில்லை.

2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் போன் தானே பார்த்துத் தேர்ந்துகொள்ளும். வைஃபை பல்பு, கேமரா போன்றவை பெரும்பாலும் 2.4ல் மட்டுமே சேரும். சேர மறுத்தால் அந்த நேரத்துக்கு மட்டும் 5ஐ அணைத்துவிட்டு இணையுங்கள். 2.4க்குள் 'சேனல்' என்று எண்ணிட்ட பாதைகள் இருக்கும். 1, 6, 11 மூன்றில் ஒன்றையே தேர்ந்தெடுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் இருக்கட்டும். இடையில் 3, 4 என்று வைத்தால் இரண்டு பக்கத்துச் சத்தமும் காதில் விழும். ரவுட்டரை ஆன் செய்து ஒரு நிமிடம் ஆகியும் 5ன் பெயர் வராவிட்டால் பதற வேண்டாம். சில சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று 60 விநாடி கேட்டுவிட்டுத்தான் அது பேசத் தொடங்கும்.

சரி, இடம். நம்மில் பலர் ரவுட்டரை ஃபைபர் நுழையும் மூலையிலேயே வைத்துவிடுகிறோம். ஃபைபர் இழையைத்தான் இழுக்கவோ மடிக்கவோ கூடாது. அந்தப் பெட்டியிலிருந்து ரவுட்டருக்குப் போவது சாதாரண செம்புக் கேபிள், 100 மீட்டர்வரை தாராளமாக ஓடும். ஆகவே பெட்டி மூலையிலேயே இருக்கட்டும். ஒரு நீளமான கேபிள் வாங்கி, சுவர் ஓரமாக ஓட்டி, ரவுட்டரை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். தரையில் வேண்டாம், நெஞ்சு உயரமோ அதற்கு மேலோ. இரும்பு அலமாரி, நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி மூன்றும் வழியில் நிற்கக் கூடாது. இரும்பும் கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் குடித்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 பக்கத்தில்தான் இயங்குகிறது. அது ஓடும்போது மட்டும் நெட் திக்கினால் காரணம் அதுதான்.

ஆன்டெனாவை விரும்பிய அறையை நோக்கிச் சாய்த்துக் குறிவைப்பார்கள். அது துப்பாக்கி அல்ல. நுனியிலிருந்து கிட்டத்தட்ட எதுவும் வராது. ஒரு டயரின் நடுவே குச்சியைச் செருகியது போல, அலை பக்கவாட்டில்தான் பரவும். ஒரே தளம் என்றால் எல்லாம் செங்குத்தாக நிற்கட்டும். மாடியும் இருந்தால் ஒன்றைப் படுக்கவையுங்கள்.

இடத்தை ஊகித்து முடிவு செய்யாதீர்கள், அளந்து பாருங்கள். சிக்னலை எண்ணில் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எண் மைனஸில் வரும், பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. -50 அருமை. -67வரை வீடியோ அழைப்பு தாங்கும். -80 என்றால் பெயர் தெரியும், வேலை ஆகாது. மூன்று எண் இறங்கினால் சக்தி பாதியாகிறது என்பதை நினைவில் வையுங்கள். என் நாற்காலியில் போனை வைத்துப் பார்த்தேன்: ரவுட்டர் கூடத்து மேசையில் இருந்தபோது -62. அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியதும் -76. கதவைத் திறந்து விட்டாலும் -71தான். அம்மாவை அருகில் உட்காரவைத்து எண்ணைக் காட்டினேன். 'சரி, வெளியவே இருக்கட்டும்' என்றார்.

அப்படியும் ஓர் அறைக்கு எட்டவில்லை என்றால் ரிப்பீட்டர் வாங்க ஓடாதீர்கள். கேட்டதையே திருப்பிச் சொல்வதுதான் அதன் வேலை. ஒரே அலைவரிசையில் இரண்டையும் செய்தால் வேகம் பாதியாகும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் சிக்னல் செத்த அறையில் வைக்காமல் பாதி வழியில் வையுங்கள். என் தேர்வு, பழைய ரவுட்டரை அந்த அறையில் வைப்பது. அதன் செட்டிங்ஸில் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி (முதல் ரவுட்டர் 192.168.1.1ல் இருந்தால்), முகவரி கொடுக்கும் வேலையான 'டிஹெச்சிபி'யை (DHCP) அணைத்து, முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் 'லேன்' போர்ட்டில் செருகுங்கள், 'வான்' போர்ட்டில் வேண்டாம். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முதல் ரவுட்டரில் உள்ளது போலவே. நீங்கள் நடக்க நடக்க, போன் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிக்கொள்ளும்.

வேகம் குறைவு என்று புகார் செய்வதற்கு முன் கணினியைக் கேபிளில் மாட்டி ஒருமுறை சோதியுங்கள். கேபிளில் சரி, வைஃபையில் குறைவு என்றால் பிரச்சினை வீட்டுக்குள். இரண்டிலும் குறைவு என்றால் கேபிள் முனையைப் பாருங்கள், அப்புறம் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். 100 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 12.5 எம்பிதான் (மெகாபைட்) இறங்கும்; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், அதனால் எட்டால் வகுக்க வேண்டும். ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் வந்தால் போடுங்கள். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் சுவிட்சைத் தொடாதீர்கள்.

எங்கள் ரவுட்டர் இப்போது கூடத்தில் புத்தக அடுக்கின் மேல் நிற்கிறது. அம்மா அதன்மேல் ஒரு பூப்போட்ட துணியை விரித்துவிடுகிறார். துணி சிக்னலைத் தடுக்காது, ஆனால் காற்றுத் துளைகளை மூடினால் ரவுட்டர் சூடேறும். நான் காலையில் அதை எடுத்து மடித்துப் பக்கத்தில் வைக்கிறேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடி விரித்திருக்கிறது.