தெருவுக்கு ரோடு வருகிறதா? ஜல்லி இறங்கும் முன் பார்க்க வேண்டியவை

தெருவில் ரோடு போடப் போகிறார்கள் என்றதும் எல்லாரும் கேட்பது தார் ரோடா, சிமெண்ட் ரோடா என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், கரண்ட் கேபிள் எல்லாம் பதித்து முடித்தாகிவிட்டதா? முடியவில்லை என்றால் எவ்வளவு நல்ல ரோடு போட்டாலும் அடுத்த வருஷம் நடுவில் வெட்டி, குழாயை இறக்கி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுவார்கள், அந்த மண் முதல் மழைக்கே இறங்கிவிடும். ரோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்று நாமே போய்ச் சொல்வது கவுன்சிலருக்கும் பிடிக்காது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் பிடிக்காது. ஆனாலும் சொல்லுங்கள்.

சரி, குழாய் வேலை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் தேங்கும் தெரு என்றால் சிமெண்ட் கேளுங்கள், ஏனென்றால் தாருக்கு எமன் தண்ணீர்தான், தேங்கி நிற்கும் நீர் ஜல்லியிலிருந்து தாரை உரித்து எடுத்துவிடும். சிமெண்டுக்கு ஆரம்பச் செலவு அதிகம், ஒழுங்காகப் போட்டால் இருபது வருஷம்கூடப் பெரிய வேலை வைக்காது, ஆனால் ஒருமுறை வெட்டிவிட்டால் ஒட்டுப் போட்ட இடம் கடைசிவரை ஒட்டாமலே நிற்கும். தாருக்குச் செலவு குறைவு, ஒட்டுப் போடுவதும் எளிது, ஆனால் சில வருஷத்துக்கு ஒருமுறை கவனிக்க ஆள் வேண்டும், அந்த ஆள் வருவாரா என்பதுதான் கேள்வி. குறுகலான சந்துக்கு பேவர் பிளாக் போதும். பெயர்த்து எடுத்து மறுபடி அடுக்கிக்கொள்ளலாம்.

பழைய தார் ரோட்டின் மேலேயே புதுசு போடுவதாக இருந்தால் சுரண்டி எடுக்காமல் விடாதீர்கள். 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு இதை எழுத்திலேயே அறிவுறுத்தினார், வீடுகள் ரோட்டைவிடப் பள்ளமாகிப் போவதைத் தடுக்கத்தான். வேலை தொடங்கும் முன் உங்கள் காம்பவுண்டுச் சுவரில், ரோடு முட்டும் இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள், முடிந்ததும் ரோடு அந்தக் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் கேள்வி கேட்க அதுவே சாட்சி. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய தார் மெலிசாக இருந்தால் மெஷின் அதை முழுசாக வழித்துவிட்டு அடியிலிருக்கும் ஜல்லியையும் கிளறிவிடும். அதைச் சரிசெய்து உருட்ட எஸ்டிமேட்டில் பணம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சுரண்டிவிட்டு வாரக்கணக்கில் அப்படியே போட்டுவைப்பதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், நடுவில் மழை பெய்தால் தண்ணீர் நேராக அடித்தளத்துக்குள் இறங்கும்.

தார் போடும் நாளில் கொஞ்ச நேரம் வாசலில் நில்லுங்கள். முதலில் தூசியைக் கூட்டித் தள்ள வேண்டும், அப்புறம் எமல்ஷன் (புதுப் படலம் ஒட்டிக்கொள்ளத் தண்ணீரில் கலந்த தார்) தெளிப்பார்கள், தெளிக்கும்போது காபிப் பொடி நிறத்தில் இருக்கும், அது கறுப்பாக மாறிய பிறகுதான் கலவையைக் கொட்ட வேண்டும். பல இடங்களில் இதை வாளியால் நாலு இடத்தில் வீசிவிட்டுக் கணக்கு முடித்துவிடுகிறார்கள், பிறகு மேல்படலம் பத்தை பத்தையாகப் பெயர்ந்து வருவது இதனால்தான். லாரியில் வரும் கலவைக்குத் தார்ப்பாய் போர்த்தியிருக்க வேண்டும். நம் ஊரில் அதிகம் பயன்படும் வி.ஜி.30 தாருக்குப் பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி சூடு இருக்க வேண்டும், 90-க்குக் கீழே இறங்கும் முன் ரோலர் உருட்டி முடித்திருக்க வேண்டும். பொறியாளரிடம் தெர்மாமீட்டர் இருக்கும், காட்டச் சொல்லுங்கள். கலவை கட்டி கட்டியாக விழுந்தால் ஆறிப்போய்விட்டது என்று பொருள். கனத்தைப் பரப்பும்போது அளந்து திருப்திப்படாதீர்கள், எஸ்டிமேட்டில் 30 மி.மீ. என்றால் உருட்டி அமுக்கிய பிறகு 30 இருக்க வேண்டும்.

பளபளப்பு, நிறம் இதையெல்லாம் விட்டுவிடுங்கள், அதில் ஒன்றுமில்லை. வாட்டம்தான் முக்கியம். நடு ரோட்டிலிருந்து ஓரம் வரை மூன்று மீட்டர் என்றால் ஓரம் ஏழு சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும், இறங்கும் தண்ணீர் போய்ச் சேர வடிகாலின் வாயும் திறந்திருக்க வேண்டும். புது ரோடு போட்டு வடிகால் வாயைத் தாராலேயே மூடிவிடும் கூத்தும் நடக்கிறது.

சிமெண்ட் ரோட்டில் இரண்டு விஷயம். குறுக்கே கோடு வெட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது, வெட்டாவிட்டால் கான்கிரீட் தன் இஷ்டத்துக்கு விரிசல் விட்டுக்கொள்ளும். அப்புறம், சாக்கை விரித்து இரண்டு வாரமாவது ஈரமாகவே வைக்க வேண்டும். இதைக் கெடுப்பது பெரும்பாலும் கான்ட்ராக்டர் அல்ல, தடுப்பை நகர்த்திவிட்டு பைக்கை ஓட்டும் நாம்தான்.

போட்ட பிறகு தெருவைத் தின்பது தண்ணீர் லாரி. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டிப் பார்த்த பெரிய சோதனையில், அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும் என்று தெரிந்தது. தினமும் லாரி வரும் தெருவுக்கு மேல்தாரைக் கனமாகப் போடுவதைவிட அடித்தளத்துக்குச் செலவழிப்பது மேல். அதற்குப் பணமில்லை என்றால் சின்ன லாரியை வரச் சொல்லுங்கள், நடை கூடும், ரோடு மிஞ்சும்.

விரிசல் முடி அகலத்தில் இருக்கும்போதே தார் ஊற்றி அடைத்தால் செலவு அற்பம், பள்ளமாகும்வரை விட்டால் பல மடங்கு. பள்ளத்தை மூடும்போது ஓரத்தைச் சதுரமாக வெட்டி, ஈரத்தை எடுத்து, எமல்ஷன் தடவி, கலவையைப் போட்டு இடித்து அமுக்க வேண்டும். மழைக்காலத்தில் கோல்டு மிக்ஸ் (சூடாக்காமலே போடும் தார்க்கலவை) போடுவதில் தப்பில்லை, ஆனால் அது தற்காலிகம்தான், ஜனவரியில் மறுபடி வரச் சொல்லுங்கள்.

கடைசியாகக் காகித வேலை. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் எஸ்டிமேட், எம்.புக் (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்) நகல், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (ரோடு கெட்டால் கான்ட்ராக்டரே சரிசெய்து தர வேண்டிய காலம்) முடியும் தேதி மூன்றையும் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடு என்றால் 5 வருஷப் பராமரிப்பு கான்ட்ராக்டரின் பொறுப்பு. நெடுஞ்சாலைத் துறை ரோட்டுக்கு ‘நம்ம சாலை’ செயலி இருக்கிறது, சென்னை மாநகராட்சிக்கு 1913. பொறுப்புக் காலம் முடிவதற்கு முந்தைய மழை ஓய்ந்ததும் சேதத்தைத் தேதியோடு படமெடுத்து எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.